ரிலீவர்

"இப்ப நீங்க சொல்றீங்களா, இல்லை நான் எந்திரிச்சுப் போய்ச் சொல்லட்டுமா?" மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"சூப்பைக் குடிச்சிட்டுச் சொல்றேன்."

"அரை மணி நேரமா அதைத்தான் குடிக்கறீங்க. அது ஆறி ஐஸாப் போச்சு."

சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது மேசைகள். முப்பத்தொன்பது மேசைகளின்மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றில் இவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேனேஜர் நின்றார். சமையலறைக் கதவிலிருந்த வட்டக் கண்ணாடியில் சமையல்காரரின் முகம் தெரிந்தது. அவர் தோளுக்கு மேலே அறைகளைச் சுத்தம் செய்யும் அம்மாளின் முகம். இரண்டு பேர் சாப்பிடுவதை மூன்று பேர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த சூப்புதான் தொண்டையில் இறங்கும்?

கணவர் விரலைக் கொஞ்சம் உயர்த்தினார். மேனேஜர் மூன்றே எட்டில் வந்து நின்றார்.

"சொல்லுங்க சார்."

"அது வந்து... சூப்புல மிளகு சரியா இருக்கு."

"ரொம்ப சந்தோஷம் சார். வேற ஏதாவது?"

"வேற... உப்பும் சரியா இருக்கு."

மேசைக்கடியில் ஓர் உதை விழுந்தது. மேனேஜர் ஒரு கணம் காத்திருந்தார், தலையை ஆட்டினார், பழைய இடத்துக்கே போய் நின்றார்.

கணவர் வேலை பார்க்கும் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் அவருக்கு 'சார்ட்டு' என்று பெயர். யார் எந்த ஷிப்டு, யாருக்கு என்றைக்கு லீவு என்று அட்டவணை எழுதி ஒட்டுவது அவர் வேலை. அந்தத் தொழிற்சாலையில் உலை அணையக்கூடாது. அணைந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி மொத்தமும் இறுகிப் பாறையாகிவிடும். அதனால் அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: மாற்று ஆளான ரிலீவர் வந்து பக்கத்தில் நின்றால்தான் நிற்கிறவர் நகரலாம். சிறுவயதில் ரிலீவர் வராமல், கடைவாய்ப் பல் வலியோடு பத்தொன்பது மணி நேரம் உலை முன்னால் நின்றவர் சார்ட்டு. அந்தச் சட்டம் அவர் ரத்தத்திலேயே ஊறிவிட்டது.

ஊருக்கெல்லாம் லீவு எழுதுகிறவருக்குத் தன் லீவைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. யாராவது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் போதும், தன் பெயரை அடித்து அவர் பெயரை எழுதிவிடுவார். ஃபோர்மேன் ஒருவரே பதினொரு வருஷமாக இவருடைய கோடை லீவை வாங்கி அனுபவித்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் உலையின் உள்செங்கல்லை மாற்றுவதற்காகத் தொழிற்சாலையையே இரண்டு வாரம் நிறுத்தினார்கள். கேட்க ஆளில்லாததால் லீவு இவருக்கே மிஞ்சியது. மழையும் குளிரும் கொட்டுகிற, ஈ காக்கை எட்டிப் பார்க்காத மாதம். ஆனாலும் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு முதல் மலைவாசம். மனைவி குறை சொல்லவில்லை.

அன்று, புதன்கிழமை மாலை, மகளிடமிருந்து போன் வந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். பார்த்து இரண்டு வருஷமாகிறது. வேறொரு நாட்டுக்கு மாற்றலாகிப் போகிறாளாம். போகும் வழியில் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் நம்மூர் விமான நிலையத்தில் இருப்பாளாம். "வெளிய வந்துடுவேம்மா. நாலு மணி நேரம் உன் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து தாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மலையிலிருந்து கீழே இறங்க, சீசன் இல்லாத காலத்தில் நாளுக்கு ஒரே ஒரு பஸ். காலை ஏழு மணிக்கு. அறையோ திங்கள்கிழமை வரைக்கும் எடுத்திருக்கிறார்கள். ஆக, சார்ட்டு சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "சனிக்கிழமையே கிளம்பறோம்." அதற்குத்தான் இத்தனை சூப்பு.

"நான் சொல்லிடுவேன்" என்றாள் மனைவி, படியேறும்போது. "ஆனா சொல்ல மாட்டேன். இந்த ஒரு தடவையாவது நீங்க வாயைத் திறந்து ஒருத்தர்கிட்ட 'முடியாது'ன்னு சொல்லி நான் பாக்கணும்."

"உனக்குத் தெரியாது. முதல் நாள் அந்த மேனேஜர் என்ன சொன்னார்? 'உங்க ரெண்டு பேருக்காகத்தான் சார் இந்த ஓட்டலே நடக்குது'ன்னு சொன்னாரே. அந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்து எப்படிச் சொல்றது?"

"மூஞ்சியைப் பாக்காமச் சொல்லுங்க."

வியாழக்கிழமை காலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளாமல் கிளம்ப ஒரே வழி, மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பதுதான். வரவேற்பு மேசைக்குப் போனார். மேனேஜர் பெரிய நோட்டில் எதையோ அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், வீட்டுல அவங்களுக்கு உடம்பு கொஞ்சம்..."

மேனேஜர் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. "என்ன சார் ஆச்சு? குளிர் ஒத்துக்கலையா? இப்பவே கிளம்பறீங்களா? கீழ டவுன்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு சார். இதோ வண்டி சொல்றேன். பெட்டியை நானே தூக்கி வெக்கறேன்!"

அதற்குள் ரிசீவர் அவர் காதுக்குப் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியில் ஏறியிருப்பார்கள். ஆனால் சார்ட்டு உருகிப் போனார். பெற்ற பிள்ளைகூட இப்படித் துடிக்காதே!

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு சார் இவ்வளவு சிரமம்?"

"சிரமமே இல்லை சார்."

"வேண்டாம் சார். லேசான தலைவலிதான். படுத்து எந்திரிச்சா சரியாப் போயிடும்."

மேனேஜர் ரிசீவரை மெதுவாக வைத்தார். "சரி சார்" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அன்று பகல் முழுவதும் மனைவி மூன்று கம்பளிக்கடியில் படுத்திருக்க வேண்டியதாயிற்று. மணிக்கொரு தரம் சுடுநீர்ப் பை வந்தது. உப்பில்லாத கஞ்சி வந்தது. மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

"எனக்கென்ன கேடு? நான் நல்லாத்தானே இருக்கேன்!"

"சத்தம் போடாதே. வெளிய கேக்கும்."

"அவர் வண்டி கூப்பிடறேன்னாரா?"

"ஆமா."

"நீங்க வேண்டாம்னீங்களா?"

"பாவம், அந்தக் குளிர்ல அவரு..."

சுடுநீர்ப் பை பறந்து வந்து அவர் தோளில் பட்டுக் கீழே விழுந்தது. நல்லவேளை, மூடி இறுக்கமாக இருந்தது.

மதியம் மனைவி கண்ணயர்ந்த நேரத்தில், அறைகளைச் சுத்தம் செய்யும் அம்மாள் உறை மாற்றிய தலையணையோடு வந்தாள். சார்ட்டு வராந்தாவில் கண்ணாடி முன்னால் நின்று, "சனிக்கிழமை கிளம்பறோம், சனிக்கிழமை கிளம்பறோம்" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். இவளிடம் முதலில் சொல்லிப் பார்த்தால் வாய் பழகிவிடும் என்று தோன்றியது.

"அம்மா, நாங்க சனிக்கிழமையே கிளம்பலாம்னு பாக்கறோம்."

அவள் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "நிஜமாவா சார்?"

"ஏன்? என்னம்மா?"

"நீங்கதான் சார் கடைசி. வேற யாருமே புக் பண்ணலை. நீங்க படி இறங்கினதும் பாய்லரை அணைச்சிட்டு, கேட்டைப் பூட்டிட்டு, நாங்கல்லாம் அவங்கவங்க வீட்டைப் பாத்துப் போயிடுவோம் சார். நானு, சமையல்காரரு, மேனேஜரு, தோட்டக்காரரு, வாட்ச்மேனு, பாய்லர்காரரு எல்லாரும்." அவள் கண்கள் கலங்கிவிட்டன. "அப்புறம்..."

"போதும்மா. சொல்லாதீங்க!" என்று சார்ட்டு கையை உயர்த்தினார்.

பாய்லரை அணைப்பது என்ற ஒரு சொல் போதாதா அவருக்கு? முப்பது வருஷமாக உலை அணையாமல் காத்த மனிதர். ஆறு பேர், ஆறு குடும்பம். தன் ஒருவனுடைய பெட்டி கீழே இறங்கினால் ஆறு வீட்டு அடுப்பும் அணையப் போகிறது.

"நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா. நாங்க எங்கயும் போகலை. திங்கள் என்ன, அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் இருப்போம். போதுமா?"

அந்த அம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தாள். பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மியபடியே படியிறங்கிப் போனாள். சற்று நேரத்தில் கீழே சமையலறையில் ஒரு பெரிய பாத்திரம் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் கை தவறியிருக்கும் என்று சார்ட்டு நினைத்துக்கொண்டார்.

மாலை மேனேஜரே மேலே வந்தார். கையில் அந்த நோட்டு.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும்னு சொன்னீங்களாமே சார்?"

"ஆமா சார். கவலைப்படாதீங்க."

"நிச்சயமா சார்?"

"நிச்சயமா!"

மேனேஜர் அடிக்கோடிட்டிருந்த எதையோ ரப்பரால் அழித்தார். தாள் கிழியும் வரைக்கும் அழித்தார்.

கட்டிலில் போர்வை விலகியது. "வெள்ளிக்கிழமையா?" என்றாள் மனைவி. மேனேஜர் படியிறங்கும் வரைக்கும் காத்திருந்துதான் கேட்டாள். சத்தமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஆறு குடும்பம், பாய்லர், அந்த அம்மாளின் கண்ணீர்.

"அப்ப உங்க பொண்ணு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா அவ முகத்தை போன்லதான் பாக்கறேன். கையால தொட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. சனிக்கிழமை காலையில நான் அந்த பஸ்ல இருப்பேன். நீங்க வந்தா வாங்க, வராட்டி இந்த ஓட்டலுக்கு வாழ்நாள் பூரா காவல் இருங்க."

சார்ட்டு அவளை மெதுவாக ஜன்னலுக்கு அழைத்துக்கொண்டு போனார். பின்பக்கப் படியில் சமையல்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தோட்டக்காரர் பக்கத்தில் நின்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அறை சுத்தம் செய்யும் அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இப்ப நாம வெள்ளி வரைக்கும் இருக்கப் போறோம்னு தெரிஞ்சுமே இப்படி. அதுக்கப்புறம் என்ன ஆகுமோன்னு பயம். பாத்தியா?"

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. வெகுநேரம் பார்த்தாள். "பாவம்தான்" என்றாள் கடைசியில். "ஆனா அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

சார்ட்டுவின் முகம் பளிச்சென்று ஆனது. அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் என்ன செய்வார்கள்? முப்பது வருஷமாக அவர் செய்துகொண்டிருப்பது அதைத்தானே!

"ரிலீவர்!" என்றார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கீழேயிருந்து பஸ் வந்தது. சார்ட்டு குடையோடு பஸ் நிலையத்தில் நின்றிருந்தார். தெருவில் முக்கால்வாசிக் கடைகள் சாத்திக் கிடந்தன. ஏரிப் படகுகளைக் குப்புறக் கவிழ்த்திருந்தார்கள். பஸ்ஸிலிருந்து நாலே பேர் இறங்கினார்கள்.

முதல் ஆள் தபால்காரர். இரண்டாவது ஆள் பல் டாக்டர். "எனக்கு வீடே இங்கதான் சார்" என்றார். மீதி இருவர் ஓர் இளம் ஜோடி.

"தம்பி, தங்க இடம் பாத்தாச்சா? அருமையான ஓட்டல். நாற்பது மேசை. நீங்க ரெண்டே பேர்தான் இருப்பீங்க. எப்பவும் வெந்நீர். சூப்புல உப்பு, மிளகு ரெண்டும் சரியா இருக்கும்."

"நாங்க தப்பான பஸ்ல ஏறிட்டோம் சார். திரும்பிப் போகணும்."

"திரும்ப பஸ் நாளைக்குக் காலையிலதான். வாங்க, பெட்டியைக் குடுங்க."

"வேண்டாம் சார். எங்க மாமா கார் அனுப்பறாரு."

"மாமாவையும் வரச் சொல்லுங்க. பத்து நாள் தங்கலாம்."

பெட்டியை அவர் ஒரு பக்கம் இழுக்க, அந்தப் பையன் மறுபக்கம் இழுக்க, அந்தப் பெண் கத்திவிட்டாள். எதிர்க்கடைக் கூரையடியில் ஒதுங்கியிருந்த போலீஸ்காரர் விசிலை ஊதிக்கொண்டே வந்தார்.

"சீசன்லதான் புரோக்கருங்க தொல்லைன்னா, இப்பவுமா? பாத்தா கௌரவமான ஆளா இருக்கீங்க, வயசும் ஆச்சு. நடங்க ஸ்டேஷனுக்கு."

"நான் புரோக்கர் இல்லைங்க. நான் அந்த ஓட்டல்ல தங்கியிருக்கறவன்."

"தங்கியிருக்கறவன் எதுக்குய்யா ஆள் பிடிக்கறான்?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் நேர்மையான பதில் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒன்றரை மணி நேரம் ஸ்டேஷன் பெஞ்சில் ஈரக் குடையோடு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனார். ஓட்டல் கேட்டுக்கு வந்ததும் மேனேஜர் கேட்டார்:

"நம்ம ஓட்டலுக்கா சார் ஆள் பிடிச்சீங்க?"

"உங்களுக்காகத்தான் சார்."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து விட்டார். "எங்களை நீங்க இவ்வளவு நினைப்பீங்கன்னு நாங்க நினைக்கலை சார்" என்றார்.

மணி மூன்றாகிவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு பஸ். அறையில் மனைவி பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் கதையைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தன் புடவைகளை மட்டும் அடுக்கினாள். அவருடைய சட்டைகள் அலமாரியிலேயே தொங்கின. மகளைப் பார்க்க அவருக்கு மட்டும் ஆசை இல்லையா? அவள் வெளிநாடு போன அன்று யாருக்கும் தெரியாமல் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவர் அவர்.

அப்போதுதான் அவருக்கு ஃபோர்மேன் ஞாபகம் வந்தது. உலை வேலை முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதுவரைக்கும் ஷிப்டுக்காரர்கள் எல்லாரும் வீட்டில் சும்மாதானே இருக்கிறார்கள்!

போனை எடுத்தார்.

"ஃபோர்மேன், பதினொரு வருஷமா என் கோடை லீவை நீங்கதானே எடுத்துக்கிட்டீங்க?"

"ஆமா சார்ட் சார். அதுக்கென்ன இப்போ?"

"என் வாழ்க்கையில முதல் தடவையா உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். முடியாதுன்னு சொல்லக்கூடாது."

அரை மணி நேரத்தில் ஃபோர்மேன் திரும்பக் கூப்பிட்டார். இரவு ஷிப்டு முழுவதும் தயார். குடும்பங்களோடு முப்பத்தெட்டுப் பேர். தனி பஸ் பேசியாயிற்று. நகரத்திலிருக்கும் ஓட்டல் முதலாளியின் ஆபீசுக்கே போன் போட்டுப் பத்து நாளைக்கு மொத்த ஓட்டலையும் பதிவு செய்துவிட்டார். "முதலாளிக்குத் தலைகால் புரியலை சார். சீசன் இல்லாத நேரத்துல இப்படி ஒரு கூட்டமான்னு கேட்டாரு. நாளைக்குக் காலையில மேனேஜருக்குத் தகவல் சொல்லிடறாராம்."

சார்ட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் எழுந்து போய் அவருடைய சட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அன்று மாலை அவர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நிமிர்ந்து நடந்தார். சூப்பு வருவதற்கு முன்பே விரலை உயர்த்தினார்.

"மேனேஜர் சார், நாளைக்குக் காலையில ஏழு மணி பஸ்ல நாங்க கிளம்பறோம்."

கணீரென்று வந்தது குரல். மனைவி கரண்டியை அப்படியே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

மேனேஜர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நிஜமாவா சார்? மாத்த மாட்டீங்களே?"

"மாத்த மாட்டேன். ஆனா நீங்க எதுக்கும் கலங்க வேண்டாம்" என்று சொல்லும்போதே விஷயம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மனைவி மேசைக்கடியில் கிள்ளினாள். காலையில் விடைபெறும்போது சொன்னால்தான் நன்றாக இருக்கும் என்பது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

அவர்கள் படியேறியபோது கீழே பெட்டிகள் இழுபடும் ஓசையும் கதவுகள் சாத்தும் ஓசையும் கேட்டன. நாற்பதாவது மேசைக்கும் வெள்ளைத் துணி போட்டுவிட்டார்கள். "பாவம், மூட்டை கட்டறாங்க" என்றார் சார்ட்டு. "நாளைக்குக் காலையில அவங்க முகத்தைப் பாக்கணும் நீ."

சனிக்கிழமை ஆறரை மணி. பனி கேட்டுக்கு வெளியே சுவர் போல நின்றது. ஆறு பேரும் வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். மேனேஜர் உடம்பில் இஸ்திரி போட்ட கோட்டு. சமையல்காரர் தலையைப் படிய வாரியிருந்தார். அந்த அம்மாள் காலில் புதுச் செருப்பு. வாட்ச்மேன் கையில் பூட்டு ஒன்று, தேங்காய் அளவுக்கு. வழியனுப்பவே இப்படி உடுத்திக்கொண்டு வந்திருக்கிறார்களே என்று சார்ட்டுவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

"பஸ் வர்ற நேரம் ஆச்சு சார், நடங்க, நடங்க" என்று மேனேஜர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார்.

"இருங்க சார். ஒரு விஷயம்." சார்ட்டு தொண்டையைச் செருமினார். "நாங்க போனா இங்க என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அந்த அம்மா சொன்னாங்க. ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்லை. எங்க தொழிற்சாலையில ஒரு சட்டம் உண்டு: ரிலீவர் வராம யாரும் நகரக்கூடாது. அதனால உங்களை அப்படியே விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலை."

ஆறு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"எங்க ஷிப்டுக்காரங்க வந்துட்டே இருக்காங்க. முப்பத்தெட்டுப் பேர். பத்து நாள். உங்க முதலாளிகிட்டவே பேசியாச்சு. பாய்லரை அணைக்கவே வேண்டாம்!"

யாரும் அசையவில்லை. உள்ளே வரவேற்பு மேசையில் போன் மணி அடித்தது. யாரும் எடுக்கப் போகவில்லை. சமையல்காரர் பின்னாலிருந்த ஒரு டிரங்குப் பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்தார். மேனேஜர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அந்த அம்மாள் புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நன்றியெல்லாம் சொல்லாதீங்க" என்றார் சார்ட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பஸ் ஹாரன் கேட்டது. மேனேஜர் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கணவனும் மனைவியும் ஓடி ஏறினார்கள்.

பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும் தவிர யாருமில்லை. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முதல் வளைவு தாண்டியதும் சார்ட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா? யாருக்கும் வார்த்தையே வரலை."

"பாத்தேன்." அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா உங்களைத் திட்டிக்கிட்டே இருந்துட்டேன். உங்க மனசு யாருக்கு வரும்? பொண்ணுகிட்ட இன்னிக்கு இதைத்தான் முதல்ல சொல்லப் போறேன்."

சார்ட்டுவுக்கு வாழ்க்கையில் அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. எதிரே மேடேறி ஒரு தனி பஸ் வந்தது. ஜன்னல்களிலெல்லாம் தெரிந்த முகங்கள். ஃபோர்மேன் தலையை வெளியே நீட்டி, "ரிலீவர் வந்தாச்சு சார்ட் சார்!" என்று கத்தினார். பஸ் கடந்து போகும் வரைக்கும் சார்ட்டு எழுந்து நின்று கையை ஆட்டினார்.

அடுத்த நிறுத்தத்தில் நடுவயதுப் பெண் ஒருத்தி ஏறினாள். இரண்டு பெட்டி, ஒரு கூடை. இவர்களுக்கு எதிர்ச் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு, பஸ்ஸின் கடைசி வரைக்கும் கண்ணால் தேடினாள்.

"யாரையாவது எதிர்பாக்கறீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"எங்க வீட்டுக்காரர்ங்க. மேலயே இந்த பஸ்ல ஏறி வர்றேன்னாரு, காணோம். ரெண்டு பேருமா எங்க பொண்ணைப் பாக்கப் போறோம். கீழ ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறா. பாத்து ஒரு வருஷம் ஆச்சு."

"அட, நாங்களும் பொண்ணைப் பாக்கத்தான் போறோம்!" மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கவலைப்படாதீங்க, வந்துடுவாரு. என்ன வேலை பாக்கறாரு?"

அந்தப் பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்தபடியே சொன்னாள்:

"மேல பெரிய ஓட்டல்ல சமையலுங்க, வருஷத்துல கடைசி விருந்தாளி கிளம்பினப்புறம்தான் அவங்க எல்லாருக்கும் சம்பளத்தோட லீவு, எவனோ ஒரு புண்ணியவான் நகராமயே உக்காந்திருந்தான், ஒரு வழியா இன்னிக்குத்தான் கிளம்பறானாம்."